நீல விளக்கும் தூக்கிக் குடித்த காபியும்

என் கணவர் பட்டாபி முப்பத்தாறு வருஷம் தணிக்கை அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அதிலிருந்து பத்துக் கேள்வி முளைக்கும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். ரிடையராகி ஆறு வருஷமாகியும் அது மறக்கவில்லை. "பால் வாங்கிண்டு வந்தேளா?" என்றால் "வாங்கிண்டு வந்தேன்" என்பார். பாக்கெட் ஓட்டையாகி மாடிப்படி முழுக்கப் பால் வழிந்திருப்பதை நான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரில் அவரை "ஏன்னா" என்றுதான் கூப்பிடுவேன். எழுத்தில் என்ன பயம், பட்டாபி என்றே எழுதப் போகிறேன். என் பெயர் சுந்தரவல்லி. நானும் டெல்லி க்ருஷி பவனில், விவசாய மந்திரி ஆபீசில், செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையரானவள்தான். எனக்கு வாய் நீளம் என்று ஜனக்புரியில் எங்கள் பிளாக் முழுக்கப் பேச்சு. ஒரு வீட்டில் ஒருவர் பேசவே மாட்டேன் என்றால் அந்தப் பங்கையும் இன்னொருவர்தானே பேசியாக வேண்டும்?

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட ஹாலில் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. ஏற்பாடு எங்கள் மாதர் சங்கம், அதாவது நான். பனிமூட்டத்தில் எதிர் கட்டடம் தெரியவில்லை. பத்து மணிக்கு டாக்டர் வந்தாயிற்று, வாய்க்குள் அடித்துப் பார்க்கிற புது விளக்கு வந்தாயிற்று, நாற்காலி போட்டாயிற்று. ஒரு ஈ காக்கை வரவில்லை. வந்த நாலு பேரும் "நாங்க புகையிலையே போடறதில்லையே மாமி" என்று சொல்லிவிட்டு ஹீட்டர் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பட்டாபியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க போய் உக்காருங்கோ. போணி ஆனாத்தான் மத்தவா வருவா."

"நேக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லே. அதனாலதான் தைரியமா உக்காரச் சொல்றேன்."

விளக்கைச் செய்தவள் அபூர்வா என்ற பெண். இருபத்தாறு வயது, இன்ஜினியர். ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்து இதைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா மதுரைப் பக்கம். இவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே டெல்லியில், துவாரகாவில். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது, பாதியில் ஹிந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். விளக்கு பார்க்கப் பெரிய டார்ச் மாதிரிதான் இருந்தது. பின்னால் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு கண்ணாடி.

"ஆன்ட்டி, இதுல ஊசி, மருந்து, சாயம் எதுவுமே இல்ல. நீல லைட் அடிச்சா நம்ம சதையே பச்சையா மின்னும். அதோட சொந்த வெளிச்சம் அது. எங்க கெட்டுப்போக ஆரம்பிக்குதோ, அங்க மட்டும் பச்சை அணைஞ்சிடும், கறுப்பா தெரியும். பஸ், அவ்ளோதான்."

"எல்லார் வாய்க்குள்ளயும் வெளிச்சம் இருக்கா?"

"எல்லார் வாய்லயும்."

நான் பட்டாபியைப் பார்த்தேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வாய்க்குள் வெளிச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முதலில் ஒரு படிவம். ஹிந்தியில் அச்சடித்திருந்ததை அபூர்வா ஒவ்வொன்றாகப் படித்தாள். புகையிலை? இல்லை. பான்? இல்லை. சிகரெட், மது? இல்லை, இல்லை. கூர்மையான பல் ஏதாவது குத்துகிறதா? இல்லை. மிகவும் சூடாக டீ குடிக்கும் பழக்கம் உண்டா?

"நஹீன்" என்றார் பட்டாபி, சத்தியம் செய்கிற மாதிரி.

மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்த இடத்துக்குள் அவரைக் கூட்டிப்போனார்கள். டாக்டர் மேதா உள்ளே இருந்தார். நாற்பது வயதிருக்கும், ஹிந்தியில்தான் பேசினார், கலகலவென்று சிரித்துப் பேசினார். நான் துணியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். "வாயை நன்றாகத் திறங்கள் அங்கிள்ஜி, ஆ, அப்படித்தான், ரொம்ப அழகு" என்று கேட்டுக்கொண்டே இருந்த குரல் சட்டென்று நின்றது. பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

வெளியே வந்து டாக்டர் எனக்கு விளக்கினார். மேலண்ணத்தில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறுப்பு. நாக்கின் இடது ஓரத்தில், அடிப்பக்கமாக, உளுந்து அளவில் இன்னொன்று. விளக்கு முடிவு சொல்லாது, சந்தேகத்தைத்தான் காட்டும். புண்ணாக இருந்தால் இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். ஆறாவிட்டால் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

"நீங்களே பார்க்கிறீர்களா?" என்று கண்ணாடியை நீட்டினார். ஊரில் நடக்கிற எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கிற நான், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டேன்.

போணி நன்றாகத்தான் ஆயிற்று. பட்டாபி முகத்தைப் பார்த்ததும் ஹீட்டர் பக்கத்திலிருந்த நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். மத்தியானத்துக்குள் எழுபது பேர் வந்தார்கள். எழுபது பேருக்கும் பச்சை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று எனக்குள் திட்டிக்கொண்டே அவர்கள் பெயரை எல்லாம் நோட்டில் எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன்னா, வாய்ல வலிக்கறதா?"

"இல்லே."

"எரியறதா?"

"காரம் பட்டா."

"எத்தனை நாளா?"

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து."

"ஏன் சொல்லலே?"

"நீ கேக்கலையே."

தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் சமையலறைக்குள் போய் அழுதேன். அந்த நாக்கு அதிகம் பேசாதுதான். ஆனாலும் காலையில் "உப்பு கம்மி" என்று அது சொல்லும், மத்தியானம் "இந்த நியூஸ் தப்பு" என்று சொல்லும், சாயங்காலம் நான் ஒரு மணி நேரம் பேசியதற்கு "ம்" என்று சொல்லும். அது இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் கவலையை உட்கார்ந்து அனுபவிக்கிற ஜாதி இல்லை. ஏதாவது செய்தாக வேண்டும். பட்டாபிக்கு உலகத்தில் பிடித்தது என் காபி ஒன்றுதான். கரோல் பாக்கில் அரைத்து வாங்கிய பொடி, இறங்கின முதல் டிகாக்‌ஷன், பொங்கி வரும்போதே எடுத்த பால். டெல்லிக் குளிரில் டம்ளரில் ஊற்றி ஹாலுக்குக் கொண்டுபோவதற்குள் காபி ஆறிவிடும் என்பதால், நான் டம்ளரையே வெந்நீரில் போட்டுச் சுட வைத்துத்தான் ஊற்றுவேன். துணி இல்லாமல் தொட முடியாது. அவர் அதை அரை அடி தூக்கி, உதட்டில் படாமல், தொண்டைக்குள் சரம் மாதிரி விடுவார். டம்ளரைச் சீப்பிக் குடிக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று இருந்ததை, அந்த இரண்டு வாரம் நாலாக்கினேன். இன்னும் சூடாக, இன்னும் திக்காக. மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான். எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணத்தில் இருந்த கறுப்பு சிறியதாகவில்லை, பெரியதாகியிருந்தது. நாக்கு ஓரத்தில் இருந்தது அப்படியே இருந்தது. டாக்டர் மேதா சிரிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு இடத்திலும் சதை எடுக்கலாம் என்று சொல்லி, சம்மதப் படிவம் என்று பதினோரு பக்கம் கொடுத்தார். பட்டாபி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வீட்ல படிச்சுட்டுத்தான் கையெழுத்து" என்றார்.

மூன்று நாள் படித்தார். பதினாலு ஆட்சேபணை எழுதினார், வரிசை எண் போட்டு. நாலாம் பக்கத்துக்கும் ஒன்பதாம் பக்கத்துக்கும் முரண்பாடு, 'தேவைப்பட்டால்' என்றால் யாருக்குத் தேவைப்பட்டால், இத்யாதி. ஆஸ்பத்திரியில் யாரும் இதுவரை அந்தப் படிவத்தை முழுதாகப் படித்ததே இல்லையாம். பதில் சொல்ல ஆள் இல்லாமல், சனிக்கிழமை காலையில் அபூர்வாவையே எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவள் சோபாவில் உட்கார்ந்து ஏழாவது ஆட்சேபணைக்கு வந்தபோது நான் காபி கொண்டுபோனேன். அவளுக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. அவள் தன் டம்ளரைத் தொட்டாள், "ஆ!" என்று கையை உதறினாள். பட்டாபி துணியைச் சுற்றித் தம்முடைய டம்ளரை எடுத்தார், அண்ணாந்தார், ஆவி பறக்கப் பறக்க விட்டார்.

"அங்கிள்! ருக்கியே! ருக்கியே!"

அந்தப் பெண் கத்தின கத்தில் கீழ் வீட்டு நாய் குரைத்தது. பட்டாபி பாதியில் நிறுத்தி, என்ன தப்பு செய்தோம் என்று என்னைப் பார்த்தார்.

"இது என்ன ஆன்ட்டி, காபியா, லாவாவா? தினமும் இப்படியா குடிக்கிறார்?"

"தினமும்தான். இப்போ நாலு வேளை" என்றேன், பெருமையாகத்தான்.

அபூர்வா பைக்குள்ளிருந்து முகாம் படிவத்தை எடுத்தாள். "அங்கிள், இங்க பாருங்க. ரொம்ப சூடா குடிக்கற பழக்கம் உண்டான்னு கேட்டேன். நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"டீ கேட்டே. நான் டீ குடிக்கறதில்லே."

"காபி?"

"காபி கேக்கலையே."

டெல்லியில் படிவம் எழுதுகிறவர்களுக்கு டீயைத் தவிர வேறொன்று கொதிக்கும் என்பது தெரியாது. பட்டாபிக்குக் கேட்டதற்கு மேல் சொல்லத் தெரியாது. எனக்கோ காபி ஆறக் கூடாது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. மூன்று பேருமாகச் சேர்ந்து அந்த அண்ணத்தை வெந்துபோக வைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. அபூர்வாவும் சிரித்தாள். பட்டாபி மட்டும், சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்ற முகத்தோடு, மீதிக் காபியை என்ன செய்வது என்று டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உடனே டாக்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். டாக்டர் மேதாவுக்கு முதலில் புரியவே இல்லை. "மேலேயிருந்து ஊற்றுகிறாரா? எவ்வளவு மேலேயிருந்து?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் கண்டிப்பான குரலில் சொன்னார். செவ்வாய்க்கிழமை வேண்டாம், பத்து நாள் தள்ளி வைக்கிறேன். பத்து நாளும் சூடாக ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. இரண்டு கறுப்பும் காபி சுட்ட புண்ணாகவே இருக்கும் என்று நம்புவோம்.

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுதினால் தனிப் புத்தகமாகும். சீப்பிக் குடித்தால் மெதுவாகத்தான் உள்ளே போகும், ஆபத்தில்லை என்று அபூர்வா சொல்லியிருந்தாள். பட்டாபி ஒப்பவில்லை. ஸ்ட்ரா வாங்கிக் கொடுத்தேன்.

"அதுவும் எச்சில்தானே?"

"உங்க வாய், உங்க எச்சில். யாருக்கு நஷ்டம்?"

"பழக்கம்னு ஒண்ணு இருக்கு."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். காபியை ஆற வைத்து, குழந்தைக்குப் பால் பார்க்கிற மாதிரி என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சரி என்றால்தான் டம்ளர் அவர் கைக்குப் போகும். அவர் அந்தப் பச்சைத் தண்ணீர் காபியைத் தூக்கிக் குடித்துவிட்டு விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனாலும் ஐந்தாம் நாள் ரசத்தில் மிளகு போட்டபோது, நான் கேட்காமலே, "எரியலே" என்றார். நான் கரண்டியோடு ஆடாத குறை.

பத்தாம் நாள். இருட்டு அறைக்குள் அவர், டாக்டர், அபூர்வா. கதவோரம் நான், இந்த முறையும் முதுகைத் திருப்பிக்கொண்டு.

"பச்சை!" என்று உள்ளேயிருந்து அபூர்வா கத்தினாள். "ஆன்ட்டி, அண்ணம் முழுக்க ஹரா! ஏக்தம் ஹரா!"

உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். முகாமில் டீயை மட்டும் கேட்டுவிட்டுப் போன அவள் பாவத்தையும் மன்னித்தேன். சங்கத்துக் கூட்டத்தில் இந்தக் கதையை எப்படிச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

டாக்டர் மேதா விளக்கை அணைக்கவில்லை. பட்டாபியின் நாக்கை ஒரு துண்டு பஞ்சுத்துணியால் பிடித்து மெல்ல ஒரு பக்கம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது போகவில்லை" என்றார்.

உளுந்து அளவு. முதல் நாள் இருந்த அதே இடம், அதே அளவு. அண்ணத்துக் கறுப்பு மறைந்துவிட்டதால் இது மட்டும் தனியாக நின்றது. "இரண்டும் ஒரே கதை என்று நினைத்தேன். ஒன்று போய்விட்டது, இன்னொன்று போகவில்லை என்றால் இது காபி இல்லை" என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. அபூர்வாவின் தோளில் இருந்த என் கையை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பட்டாபி வாயைத் துடைத்துக்கொண்டார். "நாக்கை எடுத்துடுவேளா?" என்று ஹிந்தியில் கேட்டார். அவராக ஒரு டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி.

"முதலில் ஒரு துளி எடுத்துப் பார்ப்போம், அங்கிள்ஜி."

படிவத்தை நீட்டினார்கள். பதினோரு பக்கம். பட்டாபி கண்ணாடியைக்கூடப் போடாமல், கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

முடிவு வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் நான் வாயே திறக்கவில்லை என்றால் எங்கள் பிளாக்கில் யாரும் நம்ப மாட்டார்கள். பார்க்கில் வெயிலில் போய் உட்கார்ந்துகொள்வோம். அவர் பேப்பரைப் பிரிப்பார், பக்கத்தைத் திருப்பவே மாட்டார். நான் வேர்க்கடலை உரித்து அவர் கையில் வைப்பேன்.

ஏழாம் நாள் டாக்டர் மேதா எங்களை எதிரே உட்கார வைத்து, காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். புற்றுநோய்தான். ஆனால் இப்போதுதான் முளை விடுகிறது. மேல் தோலுக்குள்ளேயே இருக்கிறது, கீழே வேர் இறங்கவில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியாது. இன்னும் ஒன்றிரண்டு வருஷம் விட்டிருந்தால் வலியோடு வந்திருப்பீர்கள், அப்போது பாதி நாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இப்போது ஒரு அரை மணி நேர வேலை.

"ஒன்று சொல்கிறேன்" என்றார். "இந்தச் சின்னப் புள்ளி மட்டும் இருந்திருந்தால், நீங்கள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்திருப்பீர்களா?"

நான் யோசித்தேன். உளுந்து அளவு, வலி இல்லை, எரிச்சல் இல்லை. "வந்திருக்க மாட்டோம்" என்றேன். என் காபிதான் எங்களை அங்கே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் எடுத்தார்கள். எதுவரை வெட்ட வேண்டும் என்பதற்கும் அபூர்வாவின் விளக்குதானாம். கறுப்பு முடிந்து பச்சை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே சுற்றிலும் கோடு போட்டுக்கொண்டு, அதற்கு இன்னும் கொஞ்சம் வெளியே வெட்டினார்கள். அரை மணி என்றார்கள், முப்பத்தெட்டு நிமிஷம் ஆயிற்று. ஒவ்வொரு நிமிஷத்தையும் நான் எண்ணினேன். வெளியே வந்த டாக்டர் மேதா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

பத்து நாள் பேசக் கூடாது. பட்டாபிக்கு இது ஒரு தண்டனையா என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அவர் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டார். முதல் நாள் கஞ்சி கொடுத்துவிட்டு, "சூடு சரியா இருக்கா?" என்று கேட்டேன். 'சரியாக இருக்கிறது' என்று எழுதினார். நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை. இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிக் காட்டினார்.

'கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மிகவும் பயந்தேன். உன்னிடம் சொல்லத் தெரியவில்லை.'

முப்பத்தெட்டு வருஷத்தில் கேட்காத கேள்விக்கு வந்த பதில். கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அந்தப் பத்து நாளில் அந்த மனுஷன் எழுதினது அவர் ஆபீசில் எழுதினதைவிட அதிகம். சம்பந்தமே இல்லாமல் எழுதுவார். நான் கட்டியிருக்கிற புடவை நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள். கல்யாணமான புதிதில் நான் சரோஜினி நகர் பஸ்ஸில் ஒரு கண்டக்டரோடு சண்டை போட்டபோது அவருக்கு என் மேல் மரியாதை வந்தது என்று ஒரு நாள். நான் பதிலுக்கு வாயால் பேசித் தள்ளுவேன். வீடே ஜே ஜே என்று இருந்தது.

ஏப்ரல் கடைசி. வெளியே நெருப்பாகக் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. கடைசிப் பரிசோதனைக்குப் போனோம். அதே இருட்டு அறை. டாக்டர் மேதா முதலில் பார்த்தார், பிறகு அபூர்வா பார்த்தாள். இருவருமாகக் கண்ணாடியை என் பக்கம் நீட்டினார்கள்.

"இன்னிக்காவது பாருங்க ஆன்ட்டி. ப்ளீஸ்."

என் கால் பின்னால் போகப் பார்த்தது. பட்டாபி நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். போனேன். குனிந்து கண்ணை வைத்தேன்.

முதலில் வெறும் நீலம். அப்புறம் கண் பழகியது. நாக்கு, நாக்கின் அடி, இரண்டு கன்னம், மேலண்ணம் எல்லாம் பச்சை. ஜனவரியில் தோல் உரித்ததும் தெரியுமே புதுப் பட்டாணி, அந்தப் பச்சை. வெட்டின இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு இருந்தது. அதன் மேலும் பச்சை ஏறியிருந்தது. யாரும் ஊற்றாத வெளிச்சம், அவருடைய சதையிலிருந்தே வருகிற வெளிச்சம். என்னோடு இத்தனை வருஷம் இருந்த வாய்க்குள் இவ்வளவு அழகு இருந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரி அறையில் இரண்டு பேர் முன்னால் சத்தமாக அழுதேன், எனக்கு வெட்கமாகவே இல்லை.

"போதுமா ஆன்ட்டி?" என்றாள் அபூர்வா.

"இரும்மா, இன்னும் ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நீளமாகத்தான் போயிற்று. அவருக்குத் தாடை வலித்திருக்கும். "அங்கிள்ஜி, நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம்" என்றார் டாக்டர் மேதா. பட்டாபி மெதுவாகத் தலையை ஆட்டி மறுத்தார். நான் பார்த்து முடிக்கும்வரை அவர் வாயை மூடவே இல்லை.